படுக்கையருகே ஒரு புத்தகம்

நோயுற்றவரைக் காணச் செல்வோர் வெறுங்கையோடு செல்வதில்லை என்பது நம்மவர் பண்பாடு. சாத்துக்குடியும் ஆப்பிளும், ஹார்லிக்ஸ் புட்டியும், ரொட்டிப் பொட்டலமும் கட்டிலருகே குவிந்துவிடும். அவற்றோடு அறிவுரைகளும் குவியும். எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எந்த மருத்துவரைப் பார்க்கலாம், எந்தத் திருத்தலத்துக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று ஆளுக்கொரு வழி சொல்வர். வாசிக்க என்ன வேண்டும் என்று கேட்பவர் மட்டும் அரியர். நோயாளி உண்பவர், உறங்குபவர், வலி பொறுப்பவர். அவர் ஒரு வாசகராகவும் இருக்கக்கூடும் என்னும் நினைவு நமக்கு எளிதில் வருவதில்லை.

எங்கள் இல்லத்தில் புற்றுநோய் புகுந்தபின்னரே இதைப் பற்றி எண்ணத் தலைப்பட்டோம். கணவனும் மனைவியுமான நாங்கள் 'நாங்கள்' என்றே இக்கட்டுரையை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நோய் கண்டது எங்களுள் மனைவிக்கு. மருந்து ஏறியது அவர் உடலில். ஆயினும் காத்திருந்ததும் அஞ்சியதும் வாசித்ததும் இருவருமே. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட அந்த எட்டுத் திங்களில் எது யாருடைய எண்ணம் என்று இன்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

பறிபோகும் உரிமை

நாங்கள் இராயபுரத்தில் வாழ்பவர்கள். பேதுருவை இராயப்பர் என்றழைத்த முன்னோரின் வழக்கை இன்றளவும் நினைவூட்டும் ஊர் இது. ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் காசிமேட்டு மீன்பிடித் துறை, வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் ஆலைகளின் வரிசை. எங்களுள் ஒருவர் துறைமுகத்தில் எழுத்தராகவும் மற்றவர் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றோம். இராயபுரத்திலிருந்து பாரிமுனை சென்று, அங்கே பேருந்து மாறி, நகரின் தென்பகுதியிலுள்ள அடையாற்றை அடைவது எங்கள் அன்றாடப் பயணமாகும் என்று 2022ஆம் ஆண்டுக்கு முன் நாங்கள் எண்ணியதில்லை.

அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் அவர் உள்ளத்தில் பல ஆண்டுகள் கனன்று ஒரு மருத்துவமனையாக உருப்பெற்றது. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அது தொடங்கிற்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தனர். புற்றுநோய் என்றாலே முடிவு என்னும் அச்சத்தை மக்கள் மனத்திலிருந்து அகற்ற, 2021 சனவரியில் மறையும்வரை டாக்டர் சாந்தா ஓயாது உழைத்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்தபின் 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றினர். அதன்பின் வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. இதனை நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்பர். கரண்ட் வைக்கும் நேரம் சில நிமிடங்களே. பயணமும் காத்திருப்பும் சேர்ந்து ஒரு பகல் முழுவதையும் விழுங்கிவிடும். எந்த நாளில் வரவேண்டும், எவ்வளவு மருந்து ஏறவேண்டும், எப்போது உண்ணவேண்டும், எந்தக் கையை நீட்டவேண்டும் என்பனவற்றையெல்லாம் பிறரே முடிவு செய்வர். அவ்வாறு முடிவு செய்வது தேவையுங்கூட. எனினும் நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருவர், திடீரென ஓர் எண்ணாகவும் ஓர் அட்டையாகவும் மாறி வரிசையில் அமர்ந்திருக்கும்போது, தம் விருப்பம் என்று சொல்லத்தக்க ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா என்று தேடுகிறார். எங்களுக்கு எஞ்சியது புத்தகம். எதைத் திறப்பது, எந்தப் பக்கத்தில் நிறுத்துவது, எதைப் பாதியில் மூடிவைப்பது என்பதில் எந்த மருத்துவரும் தலையிடவில்லை. நோயின் நாள்களில் வாசிப்புக்குரிய முதற்பயன் இதுவே என்று கருதுகிறோம். அதனால் மனம் தேறலாம், அறிவு வளரலாம், நம்பிக்கையும் பிறக்கலாம். ஆயினும் அவை யாவும் பின்னர் வருவன. விரும்பியதைத் தேரும் உரிமை முன்னர் வரவேண்டும்.

ஒரு சொல்லின் சுமை

நோயைப் பற்றிய நூலைத் தொடுவதற்கு முன்பே அந்நோயின் பெயர் நம்மைத் தாக்கிவிடுகிறது. "ஊழல் என்னும் புற்றுநோய் நாட்டை அரிக்கிறது" என்று மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். குடிப்பழக்கம், வரதட்சணை, சாதி வெறி என எதை இகழ வேண்டினும் இச்சொல்லே நம் பேச்சாளர்களுக்கும் மறையுரையாளர்களுக்கும் முதலில் நாவில் வருகிறது. நலமாயிருந்த நாள்களில் நாங்களும் கைதட்டியவர்களே. ஆனால் தலைமுடி உதிர்ந்து முக்காடிட்டுக் கூட்டத்தில் அமர்ந்திருப்பவர் காதில் அச்சொல் வேறுவிதமாக விழுகிறது. தம் உடலுக்கு நேர்ந்த ஒன்று ஊரின் இழிவுக்கெல்லாம் உவமையாவதை அவர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1975இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அவர், நோயை உவமையாக்கும் வழக்கத்தைச் சாடி 1978இல் அந்நூலை வெளியிட்டார். காசநோய்க்கு ஒரு காலத்தில் காதல் மெருகு பூசினர். புற்றுநோய்க்கோ அடக்கிவைத்த உணர்ச்சிகளே காரணம் என்று நோயாளியின் குணத்தின்மீதே பழி போட்டனர். இவையாவும் நோயாளியின் துன்பத்தைப் பெருக்குவனவே என்றும், நோய் நோய்தான், மருத்துவத்துக்குரிய பொருள்தான் என்றும் அவர் வாதிட்டார். தம் நோயைப் பற்றி அந்நூலில் அவர் ஒரு சொல்லும் பேசாதது எங்களை வியப்பில் ஆழ்த்திற்று. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று நள்ளிரவில் எழுந்த வினாவுக்கு எங்கள் இல்லத்தில் ஓரளவு விடையளித்தது ஒரு பக்தி நூலன்று, இந்தக் கறாரான கட்டுரை நூலே.

தமிழில் இந்நோய்ப் பெயரின் வேரிலுள்ள 'புற்று' அத்தனை இழிந்த சொல்லுமன்று. எங்களுக்கு வடக்கே திருவொற்றியூர்த் திருக்கோயிலில் மூலவர் புற்று வடிவினர் என்று சைவ அன்பர்கள் போற்றி வணங்குகின்றனர். அதே சொல் ஓரிடத்தில் வணக்கத்தையும் மற்றோரிடத்தில் அச்சத்தையும் பெறுமாயின், அச்சம் சொல்லில் உறைந்திருப்பதாகக் கூற முடியுமா?

வந்து சேர்ந்த நூல்கள்

செய்தி பரவியதும் எங்கள் வீட்டுக்குச் சில நூல்களும் வந்தன. கொடுத்தவர் எல்லாருக்கும் நன்றியுடையோம். எனினும் வந்தவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நோயை வென்றவர்களின் வெற்றி முழக்கங்கள். மன உறுதியால் நோயை விரட்டினேன் என்று பறைசாற்றும் இந்நூல்கள் சிலருக்கு ஊக்கம் தரலாம். ஆனால் வாய்ப்புண்ணால் தண்ணீரும் இறங்காத நாளில், வீரமாக இருப்பதும் ஒரு கடமையாக நோயாளியின் தலைமேல் ஏற்றப்படுகிறது. மன உறுதியுள்ளவர் பிழைப்பார் என்றால், பிழையாதவர் உறுதியற்றவர் என்றாகிவிடாதா?

இரண்டாம் வகை, மருந்தின்றிக் குணமாக்கும் வழி சொல்பவை. இன்ன இலைச்சாற்றைக் குடித்தால் கட்டி கரையும், இன்ன தானியத்தை விட்டால் நோய் ஓடிவிடும் என்று அச்சடித்த சிறு வெளியீடுகள். இவற்றைப் பற்றி மென்மையாகப் பேச எங்களால் இயலாது. எங்களோடு வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர் இரண்டு முறை மருந்தேற்றியபின் வரவில்லை. சாறே போதுமென்று வீட்டார் முடிவு செய்துவிட்டனர் என அறிந்தோம். சில திங்கள் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் மீண்டும் கண்டபோது, கட்டி நெடுந்தொலைவு பரவிவிட்டிருந்தது. மருத்துவரிடம் காட்டாமல் எந்தச் சாற்றையும் பருகலாகாது. மருத்துவத்தைக் கைவிடச் சொல்லும் எந்த நூலையும் நோயாளியின் கையில் கொடுக்கலாகாது. வாசிப்பு உயிருக்கு ஊறு செய்யக்கூடிய ஓர் இடம் உண்டென்றால் அது இதுவே.

மூன்றாம் வகை, உயர்ந்த நூல்கள். ஆயினும் நாளறியாது வந்தவை. பட்டினத்தார் அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை என்பது மரபு. அவ்வூர் நண்பர் ஒருவர் அன்போடு பட்டினத்தார் பாடல்களைக் கொண்டுவந்தார். உடலின் நிலையாமையைப் பாடுவதில் அவருக்கு நிகர் யார்? ஆனால் உடலின் நிலையாமையை ஊசிமுனையில் ஒவ்வொரு நாளும் பயின்றுகொண்டிருப்பவருக்கு அப்பாடம் மீண்டும் வேண்டியிருக்கவில்லை. நூலை அலமாரியில் வைத்தோம். சிகிச்சை முடிந்து ஓராண்டு சென்றபின் எடுத்துப் படித்தபோது அதன் சுவை சிறிதும் குன்றாமல் இருந்தது. நல்ல நூல்கள் காத்திருக்கும், அவற்றுக்கு அவசரமில்லை.

இரங்கநாதன் தந்த அளவுகோல்

அப்படியாயின் எந்த நூலைத் தேர்வது? சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்பாட்டுக்கே, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காக்க, நூலகம் வளரும் ஓர் உயிரி. இவையே அவ்விதிகளின் சாரம். உலக நூலகர்கள் இன்றும் போற்றும் இவ்விதிகளை நோயாளியின் கட்டிலருகே வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் புதுப்பொருள் தந்தது. வாசகர் ஒவ்வொருவருக்கும் என்றால், மயக்கம் தெளியாதவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. வாசகரின் நேரத்தைக் காக்க என்றால், கண் ஓடும் பொழுது பகலில் அரைமணியே வாய்க்கும் ஒருவரின் அந்த அரைமணியை வீணாக்காதே என்று பொருள்.

மருந்தேறும் காலத்தில் மறதியும் கவனச் சிதறலும் வருவதுண்டு. மருத்துவர்களும் இதனை அறிவர். முதற்பக்கத்தில் வந்தவர் மூன்றாம் பக்கத்தில் யாரென்று தெரியாமல் போகும். அதனால் பல கிளைகளாய் விரியும் நெடுங்கதைகள் எங்களுக்கு ஒத்துவரவில்லை. சிறு இயல்களாகப் பிரிந்த நூல்களே கைகொடுத்தன.

திருவாவடுதுறைக் காட்சி

அவற்றுள் தலையாயது உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. வாரப் பத்திரிகைக்கென எழுதப்பட்டமையால் ஒவ்வோர் இயலும் ஒரு காத்திருப்புக்கு அளவாக அமைகிறது. தமிழ் கற்க ஓர் இளைஞன் ஊர் ஊராய் அலைந்த வரலாறு அது. அதில் நோயைப் பற்றிய உபதேசம் ஏதுமில்லை. அதுவே எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆயினும், எதிர்பாராத இடத்தில், நோயாளியின் அருகே நூல் வாசிப்பது எவ்வாறு என்பதற்கு நாங்கள் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டும் அவ்வாழ்க்கையிலேயே கிடைத்தது.

சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ஆம் ஆண்டு திருவாவடுதுறையில் நோயுற்றுக் கிடந்தார். எண்ணற்ற நூல்களை இயற்றியவர். எண்ணற்றோர்க்குப் பாடம் சொன்னவர். இறுதி நேரத்தில் அவர் கேட்க விரும்பியது திருவாசகம். மாணவர் சாமிநாதையர் அதிலுள்ள அடைக்கலப் பத்தை வாசித்தார். அப்பொழுது ஆசிரியரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் மற்றொரு மாணவரான சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர்.

இக்காட்சியில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். நூலைத் தேர்ந்தவர் நோயாளி. மாணவர் அதனை வாசித்தார். தம் விளக்கம் எதையும் சேர்க்கவில்லை. தாங்கியவர் வேறு சமயத்தவர். ஆசிரியர் விரும்பிய நூலுக்கு மாற்றாகத் தம் நூலை நீட்டவில்லை. ஒருவர் கேட்டதை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் உடலைத் தாங்கினார். நோயாளியின் அருகே இருப்போர்க்குரிய பணி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. சமய உரையாடலைப் பற்றி இன்று கருத்தரங்குகளில் நாம் பேசுவதும் இதனினும் மிகுதியாக என்ன இருக்கக்கூடும்?

ஞானாம்பாளின் அரசாட்சி

சிரிப்பும் வேண்டியிருந்தது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், வாசிப்பவர் சிலரே. அந்நூல் இத்தனை வேடிக்கையானது என்பதை மருத்துவமனைக் கூடத்தில்தான் கண்டுகொண்டோம். கதைக்குள் கதை, வழக்குமன்றக் கேலி, பிரபுக்களின் அறியாமை என்று நகர்ந்து, நாயகி ஞானாம்பாள் ஆண் வேடமிட்டு ஒரு நாட்டுக்கு அரசனாகும் இடத்தில் கதை உச்சம் பெறுகிறது.

கரண்ட் வைக்கக் காத்திருந்தபோது இதனைத் தாழ்ந்த குரலில் வாசித்தோம். எண்ணூர்ப் பக்கத்து மீனவப் பெண்மணி ஒருவர் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் புத்தகத்தைத் திறக்குமுன் அவரே கேட்டார்: "அந்தப் பொண்ணு ராசாவா ஆனாளே, அப்பால இன்னா ஆச்சு டீச்சரம்மா?" அன்று முதல் அவருக்கும் கேட்கும்படி வாசித்தோம். பழைய நடையில் சொற்கள் கடினமாக வந்த இடங்களில் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொன்னோம். அரசாளும் பெண்ணின் தீர்ப்புகளைக் கேட்டு அவர் சிரிக்கும்போது வரிசையில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்ப்பர். கதை முடிவதற்கு முன்னரே அவருக்குரிய கரண்ட் நாள்கள் முடிந்துவிட்டன. கடைசி நாளன்று, அவர் பேருந்து வருமுன், நிறுத்தத்தில் நின்றவாறே மீதிக் கதையைச் சுருக்கிச் சொன்னோம். "நல்லபடியா முடிஞ்சுதா? அது போதும்" என்று சொல்லி ஏறிச் சென்றார். வாசகர் ஒவ்வொருவருக்கும் என்னும் அரங்கநாதனின் விதி, படிக்கத் தெரியாதவரையும் உள்ளடக்கியதே.

இருளைச் சொல்லும் பாடல்

விவிலியம் எங்கள் கையில் எப்போதும் இருந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அது. ஆறுதலான பகுதிகளையே நோயாளிக்கு வாசிப்பது வழக்கம். அவற்றின் பயனை நாங்கள் குறைத்துக் கூறவில்லை. எனினும் எங்களை மிகவும் தாங்கியது 88ஆம் திருப்பாடல். 150 பாடல்களில் பெரும்பாலான புலம்பல்கள் முடிவில் நம்பிக்கையின் பக்கம் திரும்பும். இப்பாடலோ இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதனைத் தொகுத்த முன்னோர் விலக்கிவிடவில்லை. ஒரு வெளிச்சக் கீற்றும் இல்லாத நாளையும் இறைவன் முன் அப்படியே வைக்கலாம் என்னும் இசைவு அதில் கிடைத்தது. வலுவில் புன்னகைக்க வேண்டிய தேவை அன்றோடு எங்களைவிட்டு நீங்கிற்று.

யோபு நூலையும் நாடகம்போல் குரல் மாற்றி வாசித்தோம். அவருடைய நண்பர்கள் மூவர் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் தரையில் உடன் அமர்ந்திருந்தனர். பின்னர் வாய் திறந்தனர். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கினர். அதனாலேயே இறுதியில் கடவுளின் சினத்துக்கு ஆளாயினர். அந்த ஏழு நாளே அவர்களுடைய நட்பின் உச்சம் என்று எங்களுக்குத் தோன்றிற்று. நோயாளிகளைச் சந்திக்கும் பணியில் ஈடுபடுவோர் அந்நூலின் இரண்டாம் அதிகாரத்தின் இறுதி வரிகளைச் செல்லுமுன் ஒருமுறை வாசித்துக்கொள்வது நலம்.

பிறர் பட்ட பாடு

ஓரளவு வலிமை திரும்பியபின் நோயைப் பற்றிய நூல்களையே தேடினோம். ஆங்கிலத்தில் ஒருவர் படித்து, மாலையில் மற்றவருக்குத் தமிழில் சொல்வது எங்கள் வழக்கமாயிற்று.

உருசிய எழுத்தாளர் சொல்செனித்சின் 1954இல் தாஷ்கண்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அவ்வனுபவத்தை வைத்து எழுதிய 'கேன்சர் வார்டு' நாவல் 1968இல் அவர் நாட்டுக்கு வெளியே அச்சேறியது. அதில் முரட்டுத் தொழிலாளி ஒருவர் வருகிறார். நூல்களோடு பழக்கமற்ற அவர் கையில் டால்ஸ்டாயின் சிறுகதைகள் கிடைக்கின்றன. மனிதர் எதனால் வாழ்கின்றனர் என்னும் தலைப்பு அவரைப் பற்றிக்கொள்ள, அதே வினாவை வார்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். உணவு, சம்பளம், தொழில், தாய்நாடு என்று ஆளுக்கொரு விடை சொல்கின்றனர். ஒரு சிறு கதை ஒரு மருத்துவக் கூடம் முழுவதையும் சிந்திக்க வைத்த அப்பகுதியைப் படித்தபின் எங்கள் காத்திருப்புக் கூடத்தையும் நாங்கள் வேறு கண்ணால் பார்த்தோம். சொல்செனித்சின் அந்நோயிலிருந்து மீண்டு, 2008வரை வாழ்ந்தார் என்பதையும் இங்கே குறிப்பது தகும்.

தமிழகத்து வேர்களையுடைய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பால் கலாநிதி, அமெரிக்காவில் மூளை அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். நுரையீரல் புற்றுநோயால் 2015இல் 37ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுதி முடிக்காமல் விட்ட நூல், மனைவி எழுதிய பின்னுரையோடு 2016இல் வெளிவந்தது. இளமையில் இலக்கியம் பயின்ற அவர், நோயின் புள்ளிவிவரங்கள் தமக்கு வழிகாட்டாதபோது மீண்டும் இலக்கியத்திடமே திரும்பினார். மருத்துவரே நோயாளியாகிப் புத்தகத்தைத் தேடிய இவ்வரலாறு எங்களுக்கு நெருக்கமானது. ஆனால் முடிவு துயரமானது. எல்லா நாளிலும் எல்லாருக்கும் ஏற்றதன்று. எங்களுள் நோய் கண்டவர் அதனைப் பாதியில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம்.

சிகாகோவின் பேராயர் கர்தினால் பெர்னார்தின் 1995இல் கணையப் புற்றுநோய்க்கு ஆளானார். 1996 நவம்பரில் மறைவதற்குச் சில நாள்களுக்கு முன்வரை தம் நினைவுகளை எழுதினார். அந்நூலில் ஒரு நேர்மையான பேச்சு வருகிறது. வலி மிகுந்தபோது தம்மால் செபிக்க இயலவில்லை என்றும், ஆதலால் நலமாயிருக்கும்போதே செபித்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் நண்பர்களுக்குக் கூறினார். ஒரு கர்தினாலே இவ்வாறு ஒப்புக்கொண்டிருக்க, வலியில் செபமாலையை நழுவவிட்ட சாதாரண இல்லத்தார் ஏன் குற்றவுணர்வு கொள்ளவேண்டும்? வாசிப்புக்கும் அவர் சொன்னது பொருந்தும். நலமான நாளில் வாசித்துப் பழகாதவர், நோயின் நாளில் நூலைப் பற்றிக்கொள்வது கடினம்.

லொயோலா கோட்டையில்

நோயாளி விரும்பியதையே வாசிக்கலாம் என்றால் எல்லாமும் ஒன்றா என்று கேட்கலாம். இதற்கு விடை பகர ஒரு நோயாளி உண்டு. 1521இல் பம்ப்லோனாப் போரில் பீரங்கிக் குண்டு தாக்கிக் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலாவிலுள்ள தம் கோட்டை வீட்டில் நெடுநாள் படுத்துக் கிடந்தார். வீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறுகளுமே கிடைத்தன. அதன்பின் நடந்ததை நாம் அறிவோம். ஆனால் எங்கள் கருத்தைக் கவர்ந்தது வேறு. பழைய வீரக் கனவுகளில் திளைக்கும்போதும் அவருக்கு இன்பமே இருந்தது. புதிய நூல்களை எண்ணும்போதும் இன்பமே. வேறுபாடு பின்னர் தெரிந்தது. முன்னது ஓய்ந்தபின் உள்ளம் வறண்டது. பின்னது ஓய்ந்தபின்னும் நிறைவு நீடித்தது. மூடியபின் எஞ்சுவது எது என்று அவர் கவனித்தார்.

இதைவிட எளிய அளவுகோல் இல்லை. இதனைப் பிறர் நமக்காக அளந்து சொல்ல முடியாது, வாசித்தவரே அளக்கவேண்டும். இவ்வளவுகோலால் அளந்தபோது எங்களுக்கு வேதநாயகம் பிள்ளையின் வேடிக்கையும் திருப்பாடலின் இருளும் ஒருங்கே தேறின. பலரும் பரிந்துரைத்த ஊக்க நூல்கள் சில தேறவில்லை. வேறொருவருக்கு இது தலைகீழாகவும் அமையலாம்.

கைக்கு அடங்கும் நூல்

முடிவாக, பயன் கருதிச் சில சொல்வோம். கையில் மருந்துக் குழாய் பொருத்தியவர் கனத்த நூலைத் தூக்க இயலாது. 'என் சரித்திர'த்தைப் பைண்டிங் கடையில் கொடுத்து நான்கு பகுதிகளாகக் கட்டுவித்தோம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். எதிர்ப்பாற்றல் குன்றிய நாள்களில் பரணிலிருந்து எடுத்த தூசி படிந்த நூல்களும் பூஞ்சை படர்ந்தவையும் வேண்டா. உரக்க வாசிப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். கண் மூடினால் குரலைத் தாழ்த்தி நிறுத்தலாம். வாசித்ததை மறந்துவிட்டால் நினைவூட்டித் தேர்வு வைக்கவேண்டா. மீண்டும் வாசித்தால் போதும். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் நாளில் நூலை மூடி அருகில் அமர்ந்திருப்பதும் யோபுவின் நண்பர்கள் கற்றுத்தந்த பணியே.

இன்று எங்கள் இல்லத்தில் ஆறு திங்களுக்கு ஒருமுறை பரிசோதனை தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் அறிக்கை கைக்கு வரும்வரை அச்சம் இருக்கவே செய்கிறது. அந்நாள்களுக்கென ஒரு துணிப்பையில் ஐந்தாறு நூல்களை எடுத்துவைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் யாருக்கேனும் இந்நோய் என்று கேள்விப்பட்டால், பழத்தோடு அப்பையையும் எடுத்துச் செல்கிறோம். இதைப் படியுங்கள் என்று சொல்வதில்லை. பையைத் திறந்து கட்டிலின்மேல் பரப்பிவைக்கிறோம். சிலர் ஒன்றை எடுப்பர். சிலர் எதையும் எடாமல், தாம் எப்போதோ படித்த வேறொரு நூலின் பெயரைச் சொல்வர். அதைத் தேடிக் கொண்டுவருவதே அடுத்த வாரத்து வேலையாகிறது. பங்குதோறும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் அன்பர்கள் இத்தகைய ஒரு பையைச் சுமந்து சென்றால், செலவு சிறிது. தூக்கவேண்டிய கனமும் சிறிது.